மூன்றாம் குறியீடு

எர்ணாவூர்க் குடியிருப்பில் ஐந்நூற்று நாற்பது கதவு.
எனக்கு வேண்டியது அறுபது.
ஒன்பதுக்கு ஒன்று என்று வகுத்து
ஒன்று முதல் ஒன்பது வரை சீட்டெழுதி
டீக்கடை டம்ளரில் குலுக்கினேன்.
நாலு வந்தது.
நாலு, பதின்மூன்று, இருபத்திரண்டு, முப்பத்தொன்று,
அப்புறம் நாற்பது.

ஓரவஞ்சனை இல்லாத முறை.
தெரிந்த முகம், திறந்த கதவு, மோர் கொடுக்கும் வீடு
எதற்கும் சலுகை கிடையாது.
பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடாதே என்று
பெர்னதத் மேடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.
சுலபமாகக் கிடைப்பவர்களின் மனசு
ஊரின் மனசு ஆகாதாம்.

பதின்மூன்றில் இறால் கம்பெனிப் பெண்
கேள்விக்கொரு கொட்டாவி விட்டாள்.
இருபத்திரண்டில் கன்டெய்னர் லாரி டிரைவர்
'சில நாட்கள்', 'பல நாட்கள்' இரண்டுக்கும் நடுவே
இன்னொரு கட்டம் போடச் சொன்னார்.
முப்பத்தொன்றில் நாய்.

நாற்பது பூட்டியிருந்தது.
காலை பத்துக்குப் பூட்டு.
மறுநாள் மாலை ஆறரைக்கும் அதே பூட்டு.
பூட்டிய வீட்டுக்குக் குறியீடு மூன்று.
மூன்று முறை போய்ப் பார்த்த பிறகே எழுதலாம்.

நாற்பத்தொன்றின் வாசலில் டில்லிராணி
நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டாள்:
"என்னியக் கேளேன் சார், சும்மாத்தான கீறேன்."
உங்கள் எண் வரவில்லை என்றேன்.
"ரேசன்லயும் அதான் சொல்றானுங்கோ."

மூன்றாம் முறை, ஞாயிறு.
மணலிப் பக்கக் காற்றில் அழுகிய முட்டை வாசம்.
லீவு நாள் என்பதால் ஷூ இல்லை,
அடையாள அட்டை பைக்குள்.
பூட்டிய வீட்டுக்குள் குக்கர் விசிலடித்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது பாதியில் அமுங்கியது,
யாரோ ஓடிவந்து
அடுப்பை அணைத்ததுபோல.

டில்லிராணி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"நீ குழு லோன் ஆளு இல்லியே?"
இல்லை.
"பையும் பைலுமா வந்துக்கினு இருந்தா இன்னான்னு நெனப்பாங்கோ?
காத்தால நாந்தான் வெளிய பூட்டுவேன்.
ராத்திரி பத்துக்கு நாந்தான் தொறப்பேன்."
இடுப்பிலிருந்து கொத்தை எடுத்துக் காட்டினாள்.
ஏழு சாவி.
என் தாளில் அந்த மாடிக்கு ஒரே ஒரு பூட்டு.

திறக்கவில்லை. ஜன்னலைத் தட்டினாள்:
"ஏ அமலோற்பவம், இது வேற ஆளு."

கண்ணாடி நாலு விரல் நகர்ந்தது.
அச்சில் உள்ளபடி, குரலை ஏற்றாமல் இறக்காமல் வாசித்தேன்:
கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள்
சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு படபடத்தது?

"ரெண்டு வாரம்னா பதினாலு நாளா?"
ஆமாம்.
"பதினஞ்சு போட்டுக்கோ."

கட்டங்கள் நான்குதான்.
கடைசியில் இருப்பது 'ஏறக்குறைய தினமும்'.
அந்த ஏறக்குறையவை அடிக்க எனக்கு அனுமதியில்லை.
டிக் செய்தேன்.

பிறகு அறிக்கை வந்தது.
அறுபதில் நாற்பத்தொன்பது பேர், எண்பத்திரண்டு விழுக்காடு,
பதற்றம் மிதமான அளவு.
பதினோரு பூட்டும்
வேலைக்கோ ஊருக்கோ போனவர்கள் கணக்கில்.
பயத்தை அளக்க வந்தவனைப் பார்த்துப்
பயந்தவர்கள் ஒளிந்துகொண்டால்
மீதி இருப்பது தைரியசாலிகளின் சராசரி மேடம் என்றேன்.
அடிக்குறிப்பாக எழுதித் தரச் சொன்னார்.
எழுதிக் கொடுத்ததில்
குக்கரை மட்டும் எடுத்துவிட்டார்.

ஆனால் அந்த ஞாயிறு இன்னும் முடியவில்லை.
அடுத்தது நாற்பத்தொன்பது.
அதற்கும் மூன்றாம் முறை, அதிலும் பூட்டு.
மூன்று என்று எழுதினால் வீட்டுக்குப் போகலாம்.
கதவில் காது வைக்கச் சொல்லி
கையேட்டில் எங்கும் இல்லை.
பேனாவை மூடி
கொஞ்ச நேரம் நின்றேன்,
விசில் வருமா என்று.